பதிவேட்டில் இடம்பெறாத நோய்கள்: இந்தியாவில் வயதுவந்தோரின் நாட்பட்ட நோய் இறப்புகள் கணக்கிடப்பட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இதயநோய், பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய் முதலிய நாட்பட்ட நோய்களை வளம் பெருகியதன் பின்விளைவாகவும், வறிய நாடுகளுக்கு அண்மையில் வந்தவையாகவும் கருதும் போக்கு நெடுங்காலம் நிலவியது. இக்கருத்து உருவானதில் இறப்புப் பதிவேடுகளின் அமைப்புக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை இக்கட்டுரை இந்தியச் சான்றுகளைக் கொண்டு நிறுவ முயல்கிறது. காலனிய அரசின் பதிவேடுகள் கொள்ளைநோய்களைக் கண்காணிக்க அமைந்தவை. விடுதலைக்குப் பிந்தைய கணக்கீடுகள் குழந்தை இறப்பையே மையமாகக் கொண்டவை. இவ்விரண்டிற்கும் இடையில் நடுவயதினரின் இறப்புக்கான காரணங்கள் கணக்கில் சேராமல் போயின. 1990களின் இறுதியில் சென்னையில் நடைபெற்ற ஆய்வும் அதனைத் தொடர்ந்த நாடு தழுவிய ஆய்வும் இந்நிலையை மாற்றிய விதம் இங்கு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இறப்புப் பதிவு, நாட்பட்ட நோய்கள், தொற்றா நோய்கள், வாய்மொழி உடற்கூறாய்வு, சென்னை, பொதுச் சுகாதார வரலாறு.

1. முன்னுரை

ஒரு நாட்டில் மக்கள் எந்நோயால் இறக்கின்றனர் என்ற வினா மருத்துவம் சார்ந்தது மட்டுமன்று. ஆட்சி சார்ந்ததும் ஆகும். இறந்தவரின் பெயரை யார் எழுதுகிறார், காரணத்தை யாரிடம் கேட்கிறார், எழுதுவதற்கு எத்தனை காரண இனங்கள் அவருக்குத் தரப்பட்டுள்ளன என்பவற்றைப் பொறுத்தே விடை அமைகிறது. அவ்விடையைப் பொறுத்து நிதியும் மருந்தும் பணியாளரும் ஒதுக்கப்படுகின்றனர்.

2005ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட நோய்கள் குறித்து ஓர் அறிக்கையை வெளியிட்டது. அவ்வாண்டில் உலகெங்கும் நிகழவிருந்த சுமார் 5.8 கோடி இறப்புகளில் 3.5 கோடி நாட்பட்ட நோய்களால் ஏற்படும் எனவும், அவற்றுள் 80 விழுக்காடு குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நிகழும் எனவும் அது மதிப்பிட்டது. பலருக்கு இது வியப்பளித்தது. ஏழை நாட்டு மக்கள் தொற்றுநோயாலும் பட்டினியாலும் மடிகின்றனர், செல்வ நாட்டினர் மாரடைப்பால் மடிகின்றனர் என்ற பாகுபாடு அந்த அளவுக்கு வேரூன்றியிருந்தது.

இப்பாகுபாடு எவ்வாறு தோன்றியது? 1971இல் அப்தெல் ஓம்ரான் முன்வைத்த ‘நோய்ப்பரவல் நிலைமாற்றம்’ என்னும் கோட்பாடு இதற்கு ஒரு பொதுச் சட்டகத்தைத் தந்தது. கொள்ளைநோயும் பஞ்சமும் நிறைந்த காலம் முதலில், அவை தணியும் காலம் அடுத்து, உடற்சிதைவு நோய்களும் மனிதர் உண்டாக்கிய நோய்களும் மிகும் காலம் இறுதியில் என அது வரிசைப்படுத்தியது. மொத்த இறப்புகளில் ஒவ்வொரு நோய்க்கும் உள்ள பங்கைப் பொறுத்தவரை இவ்வரிசை பெரிதும் பொருந்தும். ஆனால் பங்கு வேறு, இடர் வேறு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெருந்தொகையாக இறக்கும் நாட்டில், நாற்பது வயதினரின் இறப்பு எத்தனை மிகுதியாக இருந்தாலும் மொத்தத்தில் அது சிறு பங்காகவே தோன்றும். இந்த வேறுபாட்டைக் கண்டறிய நடுவயதினரின் இறப்பைத் தனியே எண்ண வேண்டும். அதற்கான கருவி இந்தியாவில் நெடுங்காலம் இல்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இங்கு ‘நாட்பட்ட நோய்’ என்பது நீண்டகாலம் உடலில் நிலைத்து உயிரைப் பறிக்கும் நோய்களைக் குறிக்கும். இவற்றுட் பெரும்பான்மை தொற்றா நோய்களே. எனினும் காசநோய் இவ்வெல்லைக்கோட்டின் இருபுறமும் நிற்பது பின்னர் விளக்கப்படும்.

2. கொள்ளைநோய்க் காலத்துக் காரண இனங்கள்

இந்தியாவில் இறப்புப் பதிவு ஒழுங்குபெற்றதற்கு இராணுவத் தேவையே முதற் காரணம். 1857 எழுச்சிக்குப் பின் பிரித்தானியப் படைவீரர்களின் நலன் குறித்து ஆராய 1859இல் அமைந்த அரச ஆணைக்குழு 1863இல் தன் அறிக்கையை அளித்தது. போரைவிட நோயே படைவீரரை மிகுதியாகக் கொன்றது என அது காட்டியது. அதன் பயனாக 1864இல் சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணைக்குழுக்கள் தோன்றின. படைவீடுகளைக் காக்க அவற்றைச் சூழ்ந்த ஊர்களின் நோய்நிலையை அறிய வேண்டியிருந்தது. எனவே குடிமக்களின் இறப்பும் எண்ணப்படலாயிற்று.

சட்டங்கள் பின்னர் வந்தன. வங்காளத்தில் 1873இலும் சென்னை மாகாணத்தில் 1899இலும் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சென்னை மாகாணத்துச் சிற்றூர்களில் கிராமத் தலைவரான முன்சீப்பே பதிவாளர். வரி வசூல், காவல், சிறுவழக்கு ஆகியவற்றோடு இறப்புப் பதிவும் அவர் கடமையாயிற்று. அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர். இறந்தவரைச் சோதிப்பதும் இல்லை. உறவினரோ ஊர்ப் பணியாளரோ சொன்னதை, தமக்குத் தரப்பட்ட காரண இனங்களுள் ஒன்றில் அடக்குவதே அவர் செய்யக்கூடியது.

அக்காரண இனங்கள் வாந்திபேதி, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், சீதபேதியும் வயிற்றுப்போக்கும், மூச்சு உறுப்பு நோய்கள், காயங்கள், ‘பிற காரணங்கள்’ என்பனவாக இருந்தன. ஐரோப்பாவில் 1893 முதல் ழாக் பெர்த்தியோனின் விரிவான இறப்புக் காரணப் பட்டியல் வழக்கிற்கு வந்துவிட்டது. இந்தியச் சிற்றூர்ப் பதிவேடோ இந்தக் குறுகிய பட்டியலிலேயே நின்றது. பரவும் நோயை உடனே கண்டறிந்து தடுப்பதே பதிவின் நோக்கமாதலின், அரசைப் பொறுத்தவரை இது போதுமானதாகவே இருந்தது.

இதன் விளைவை 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கையில் காணலாம். 1943இல் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த சுகாதார ஆய்வு, வளர்ச்சிக் குழு 1932 முதல் 1941 வரையிலான பத்தாண்டுச் சராசரியை எடுத்துக்காட்டியது. பிரித்தானிய இந்தியாவில் ஆண்டுதோறும் பதிவான சுமார் 62 இலட்சம் இறப்புகளில் 58 விழுக்காடு ‘காய்ச்சல்’ என்ற ஒரே இனத்தில் அடங்கியது. ‘பிற காரணங்கள்’ என்பது 26 விழுக்காடு. வாந்திபேதி, பெரியம்மை, பிளேக் ஆகிய மூன்றும் சேர்ந்து 4 விழுக்காடு மட்டுமே. ஆட்சியாளரின் கவனத்தை ஈர்த்த மூன்று கொள்ளைநோய்கள் நூற்றுக்கு நான்கு இறப்புகளை விளக்கின. நூற்றுக்கு எண்பத்துநான்கு இறப்புகள் காய்ச்சல், பிற என்னும் இரண்டு சொற்களுக்குள் மறைந்தன.

காய்ச்சல் என்பது நோயன்று, நோய்க்குறி. மலேரியா, குடற்காய்ச்சல், காசநோய், நிமோனியா ஆகிய யாவும் அதனுள் அடங்கின. 1918இன் இன்புளுயன்சா இறப்புகளும் பெரும்பாலும் அவ்வினத்திலேயே சேர்ந்தன. இறுதி நாள்களில் உடல் சுட்டது என்பதற்காகவே புற்றுநோயாளியும் சிறுநீரகம் பழுதுற்றவரும் அங்கு சேர்க்கப்பட்டிருக்கக் கூடும். பக்கவாதம், மாரடைப்பு, நீரிழிவு ஆகியவற்றுக்கோ ‘பிற காரணங்கள்’ என்பதைத் தவிர வேறு இடமே இல்லை.

இந்நோய்களுக்கு மக்களிடம் பெயர் இல்லாமல் இருக்கவில்லை என்பது கருதத்தக்கது. மதுமேகம், நீரிழிவு, பக்கவாதம், ஈளை, குன்மம், பெருவயிறு முதலிய பெயர்கள் சித்த மருத்துவ வழக்கிலும் பேச்சு வழக்கிலும் நெடுங்காலமாக உள்ளவை. வீட்டார் அறிந்த பெயருக்கு அரசின் ஏட்டில் இடமில்லாமற் போனதே நிகழ்ந்தது.

3. மருத்துவமனை கண்டதும் காணாததும்

பதிவேடு காணத் தவறிய நோய்களை மருத்துவமனைகள் ஓரளவு கண்டன. 1902இல் சென்னையில் பணியாற்றிய நிப்லாக், இந்தியாவில் புற்றுநோய் குறித்து எழுதினார். 1933இல் தென் திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையோடு தொடர்புடைய மருத்துவர் ஓர், வெற்றிலை மெல்வோரிடையே வாய்ப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதை இலண்டனின் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். நெய்யூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. வெற்றிலையோடு புகையிலை சேர்த்து வாயில் அடக்கும் வழக்கம் உழைக்கும் மக்களிடையே பரவலாக இருந்த பகுதி அது. அங்கு வந்த நோயாளிகள் செல்வர்கள் அல்லர்.

ஆயினும் புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது 1985இல்தான். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணி என 2004இல் முடிவு செய்யப்பட்டது. மருத்துவரின் கண் கண்டதற்கும் பொதுக்கொள்கை ஏற்றதற்கும் இடையில் அரை நூற்றாண்டு கடந்தது. ஒரு மருத்துவமனையில் எத்தனை நோயாளிகள் வந்தனர் என்பதை மருத்துவர் சொல்லலாம். ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர் இறந்தனர் என்பதைப் பதிவேடு மட்டுமே சொல்ல முடியும். அப்பதிவேட்டில் புற்றுநோய்க்கு இடமில்லை.

நீரிழிவின் வரலாறு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1907இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் வெப்பமண்டல நாடுகளின் நீரிழிவு விவாதிக்கப்பட்டது. கல்கத்தாவின் படித்த, அலுவலகப் பணிபுரியும் வகுப்பினரிடையே அது மிகுதி என அங்குப் பேசப்பட்டது. இக்கூற்றில் உண்மை இருந்தது. ஆனால் மேனாட்டு மருத்துவரை நாடி, சிறுநீரைச் சோதிக்கக் கூடியவர் யார்? அலுவலகப் பணியாளரே. வயலில் உழைத்துச் சிறுநீரகம் கெட்டு இறந்தவர் மருத்துவரிடம் வரவில்லை. அவர் இறப்பு முன்சீப்பின் ஏட்டில் காய்ச்சலாகவோ பிறவாகவோ முடிந்திருக்கும்.

எனவே, நாட்பட்ட நோய் செல்வருக்கே உரியது என்ற கருத்துக்கு இரு ஊற்றுகள் இருந்தன. ஏழையின் இறப்புக் காரணத்தைப் பதிவேடு மறைத்தது. செல்வரின் நோயை மருத்துவமனை வெளிப்படுத்தியது. இரண்டும் சேர்ந்தபோது அது மெய்ம்மையின் தோற்றத்தைப் பெற்றது.

4. விடுதலைக்குப் பின்: குழந்தையை நோக்கிய கணக்கு

போர் குழு தன் அறிக்கையில் மற்றொரு செய்தியை வலியுறுத்தியது. இந்தியாவில் மொத்த இறப்புகளில் ஏறத்தாழப் பாதி பத்து வயதுக்குட்பட்டோருடையவை. இங்கிலாந்து, வேல்சில் அது பத்தில் ஒன்று. இந்த ஒப்பீடு சுகாதாரத் திட்டமிடலின் திசையைத் தீர்மானித்தது. தாய் சேய் நலம், தொற்றுநோய்த் தடுப்பு, மலேரியா ஒழிப்பு ஆகியன முன்னுரிமை பெற்றன. அவ்வாறு முன்னுரிமை பெற்றது முறையே. அதனால் காக்கப்பட்ட உயிர்கள் பல கோடி. எனினும் கணக்கீட்டுக் கருவிகளும் அதே நோக்கத்திற்கேற்பவே உருவாயின என்பதைக் கவனிக்க வேண்டும்.

1960களில் வில்லியம் பிராஸ் வகுத்த மறைமுகக் கணிப்பு முறை, பெற்ற குழந்தைகள் எத்தனை, உயிருடன் இருப்போர் எத்தனை என்ற இரு வினாக்களைத் தாயிடம் கேட்டே குழந்தை இறப்பு வீதத்தைக் கணக்கிட வழிசெய்தது. பதிவேடு சீராக இல்லாத நாடுகளுக்கு இது பெருங்கொடை. நடுவயதினர் இறப்புக்கு இத்தகைய எளிய வழி இல்லை. குழந்தை இறந்தால் சொல்வதற்குத் தாய் இருக்கிறார். குடும்பத் தலைவர் இறந்தால் குடும்பமே கலைந்துவிடுவதும் உண்டு. 1989இல் அறிமுகமான உடன்பிறந்த சகோதரிகள் பற்றிய வினாமுறைகூட மகப்பேற்று இறப்பை அறிவதற்காகவே வகுக்கப்பட்டது. வயதுவந்த பெண்ணின் இறப்பு, அவர் தாயாகும்போது நிகழ்ந்தால் மட்டுமே வினாவுக்கு உரியதாயிற்று.

1978இன் அல்மா ஆட்டா அறிவிப்பு முழுமையான அடிப்படைச் சுகாதாரத்தை வேண்டியது. அடுத்த ஆண்டே, செலவு குறைந்த சில குழந்தை நலப் பணிகளில் மட்டும் கவனம் செலுத்தலாம் என்ற ‘தேர்ந்தெடுத்த சுகாதாரம்’ என்னும் கருத்தை வால்ஷ், வாரன் இருவரும் முன்வைத்தனர். 1980களில் யுனிசெஃப் நிறுவனம் அவ்வழியைப் பின்பற்றியது. 2000ஆம் ஆண்டின் புத்தாயிர வளர்ச்சி இலக்குகளில் குழந்தை, தாய், எய்ட்ஸ், மலேரியா, காசநோய் ஆகியன இடம்பெற்றன. நாட்பட்ட தொற்றா நோய்கள் இடம்பெறவில்லை.

இந்தியாவில் 1969இன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதும் பதிவைக் கட்டாயமாக்கியது. அதே காலத்தில் தலைமைப் பதிவாளர் அலுவலகம் மாதிரிப் பதிவுமுறையை நிறுவியது. 1964-65இல் முன்னோட்டமாகத் தொடங்கிய அது 1969-70இல் முழுமை பெற்றது. தேர்ந்தெடுத்த ஊர்களிலும் நகர்ப்பகுதிகளிலும் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதிந்து, அரையாண்டுக்கு ஒருமுறை வீடுவீடாகச் சரிபார்க்கும் முறை அது. எத்தனை பேர் இறந்தனர் என்பதை அது நம்பகமாகச் சொன்னது. எதனால் இறந்தனர் என்பதைச் சொல்லவில்லை.

காரணத்தை அறிய 1965 முதல் ஊர்ப்புறங்களில் வேறொரு கணக்கெடுப்பு நடைபெற்றது. ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர் வீட்டாரிடம் நோய்க்குறிகளைக் கேட்டு இறப்புக் காரணத்தைக் குறித்தனர். அக்கணக்கெடுப்பின் முடிவுகளில் ‘முதுமை’ முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகத் தொடர்ந்து இடம்பெற்றது. காலனியக் காலத்தில் காய்ச்சல் ஆற்றிய பணியை இப்போது முதுமை ஆற்றியது எனலாம். மாரடைப்பும் பக்கவாதமும் புற்றும் அதனுள் அடங்கின. முதுமையால் இறந்தார் என்ற சொல் வீட்டாருக்கு ஆறுதல் தரலாம். தடுத்திருக்கக் கூடிய நோயைத் தேடும் வினாவை அது அடைத்துவிடுகிறது. இக்கணக்கெடுப்பு 1999இல் மாதிரிப் பதிவுமுறையோடு இணைக்கப்பட்டது.

மருத்துவர் சான்றளிக்கும் முறையும் இணையாக இருந்தது. 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் வெளியான பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் ஆறாம் திருத்தம், இறப்புக்கு வித்திட்ட அடிப்படைக் காரணத்தைக் குறிக்கும் சான்றிதழ்ப் படிவத்தைப் பொதுமைப்படுத்தியது. ஆனால் இந்தியாவில் பெரும்பாலான இறப்புகள் மருத்துவர் முன்னிலையில் நிகழ்வதில்லை. 2020இல்கூடப் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்று பெற்றவை 22.5 விழுக்காடு மட்டுமே.

5. சென்னையில் ஒரு மீள்விசாரணை

இந்நிலையில் 1990களின் இறுதியில் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு வரலாற்றுச் சிறப்புடையது. வேந்தன் கஜலட்சுமியும் ஆக்சுபோர்டின் ரிச்சர்டு பீட்டோவும் உடனாய்வாளர்களும் 1995 முதல் 1997 வரை மாநகராட்சிப் பதிவேட்டில் இடம்பெற்ற 25 வயதுக்கு மேற்பட்டோரின் இறப்புகளை எடுத்துக்கொண்டனர். விபத்து முதலிய புறக்காரணங்களை நீக்கி, நோயால் நிகழ்ந்த சுமார் 48,000 இறப்புகளுக்கு உரிய வீடுகளைத் தேடிச் சென்று விசாரித்தனர்.

இம்முறைக்கு வாய்மொழி உடற்கூறாய்வு என்று பெயர். இறந்தவரின் வீட்டாரிடம் இறுதி நோயின் போக்கைக் கேட்டறிந்து, அதனை மருத்துவர் படித்துக் காரணத்தைத் துணியும் முறை இது. பதினேழாம் நூற்றாண்டு இலண்டனில் வீடுகளுக்குச் சென்று இறப்புக் காரணத்தைக் கேட்டறிந்த முதிய பெண்டிரில் இதன் தொன்மை காணப்படும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பஞ்சாபின் கன்னா, நாரங்வால் ஆகிய இடங்களின் களஆய்வுகள் இதனை வளர்த்தன. அவை பெரிதும் குழந்தை இறப்பை நோக்கியவை. வயதுவந்தோருக்கு இத்துணைப் பெரிய அளவில் அதனைப் பயன்படுத்தியது சென்னை ஆய்வின் புதுமை.

களப்பணியாளர் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற பட்டதாரிகள். ஆம், இல்லை என்னும் வினாப்பட்டியலை மட்டும் நிரப்பாமல், வீட்டார் சொன்னதை அரைப்பக்க அளவில் தொடர்ச்சியான விவரிப்பாக எழுதினர். ‘நெஞ்சை அடைத்தது’, ‘ஒரு பக்கம் விழுந்துவிட்டது’, ‘சர்க்கரை இருந்தது’ என்பன போன்ற அன்றாடத் தொடர்களில் நோயின் போக்கு தங்கியிருக்கிறது. எந்தப் பக்கம் செயலிழந்தது, எத்தனை நாள் கிடந்தார், முன்பு எந்த மருத்துவமனைக்குச் சென்றார் என்று தொடர்ந்து கேட்கும்போது, அவ்வன்றாடச் சொல்லே மருத்துவச் சான்றாகிறது. முன்சீப்பின் ஏடு புறந்தள்ளிய வீட்டார் மொழி இங்கு மூலச் சான்றாக உயர்ந்தது.

மாநகராட்சிப் பதிவில் பாதிக்கு மேற்பட்ட இறப்புகளுக்குக் காரணம் தெளிவின்றி இருந்தது. விசாரணைக்குப் பின் அது கால் பங்குக்கும் கீழே குறைந்தது. 25 முதல் 69 வயது வரையிலானோரிடையே முன்னேற்றம் இன்னும் கூடுதலாக இருந்தது. தெளிவற்றவையாகக் கிடந்த இறப்புகள் இதயநோய், புற்றுநோய், காசநோய் முதலிய தம் இனங்களுக்குத் திரும்பின.

இதே முயற்சியின் தொடர்ச்சியாக 2003இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களிலும் நோயால் இறந்த சுமார் 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை உயிருடன் இருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டது. புகைத்தோரின் இறப்பு வீதம் புகைக்காதோரைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. நகரப்பகுதியில் காசநோயால் இறக்கும் இடர் மட்டும் நான்கரை மடங்கு. இந்தியாவில் ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைப்பழக்கம் காரணமாகலாம் என ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

இம்முடிவின் கோட்பாட்டு முதன்மை பெரிது. மேலைநாடுகளில் புகையிலை கொல்வது முதன்மையாக நுரையீரல் புற்றாலும் இதயநோயாலும். இந்தியாவில் சிகரெட்டும் பீடியும் காசநோயின் வழியாகவும் கொல்கின்றன. தொற்றுநோய் ஏழைக்கு, நாட்பட்ட நோய் செல்வருக்கு என்ற பாகுபாடு இங்கு முற்றிலும் நொறுங்குகிறது. ஒரே மனிதரின் நுரையீரலில் கிருமியும் புகையும் சேர்ந்தே செயல்படுகின்றன. அவர் உழைக்கும் வயதினர், பெரும்பாலும் வறியவர்.

6. மாதிரியிலிருந்து நாடு முழுமைக்கும்

சென்னையில் செம்மைப்பட்ட முறை நாடு தழுவிய ஆய்வுக்கு அடித்தளமாயிற்று. 2001இல் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் பிரபாத் ஜா தலைமையிலான டொராண்டோ ஆய்வு மையமும் இணைந்து ‘பத்து இலட்சம் இறப்புகள் ஆய்வு’ என்னும் பெருந்திட்டத்தைத் தொடங்கின. மாதிரிப் பதிவுமுறையில் ஏற்கெனவே இடம்பெற்றிருந்த வீடுகளில் நிகழ்ந்த ஒவ்வோர் இறப்பையும் களப்பணியாளர் விசாரித்தனர். ஒவ்வோர் அறிக்கையையும் இரு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணத்தைத் துணிந்தனர். எத்தனை பேர் என்ற கணக்கும் எதனால் என்ற கணக்கும் முதன்முறையாக ஒன்றிணைந்தன.

இதன் முடிவுகள் நிலவிவந்த மதிப்பீடுகளை இருபுறமும் திருத்தின. இந்தியாவில் ஆண்டுக்கு 15,000 பேர் மலேரியாவால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கருதியிருக்க, 70 வயதுக்குட்பட்டோரில் மட்டுமே அது சுமார் 2,05,000 என 2010இல் வெளியான ஆய்வு கூறியது. எய்ட்ஸ் இறப்புகளோ முந்தைய மதிப்பீடுகளைவிடக் குறைவாக இருந்தன. புகைப்பழக்கத்தால் 2010ஆம் ஆண்டளவில் ஆண்டுக்குப் பத்து இலட்சத்தை ஒட்டிய இறப்புகள் நிகழும் எனவும், 30 முதல் 69 வயது வரையிலான ஆண்களின் இறப்பில் ஐந்தில் ஒன்று அதனால் எனவும் 2008ஆம் ஆண்டுக் கட்டுரை கணித்தது. குறிப்பிட்ட ஒரு நோயைப் பெரிதாகக் காட்டும் நோக்கம் இதில் இல்லை என்பதற்கு இவ்விருதிசைத் திருத்தமே சான்று.

இதயநோய் குறித்து 2018இல் வெளியான முடிவு நம் கருத்துக்கு மிக நெருங்கியது. 2000 முதல் 2015 வரையிலான காலத்தில் 30 முதல் 69 வயதுடைய ஆண்களிடையே இதயத் தமனி நோயால் இறக்கும் வீதம் நகரங்களில் குறைந்தது. சிற்றூர்களில் உயர்ந்து நகரங்களை விஞ்சியது. முன்பே இதயநோய் உள்ளதாக அறியப்பட்டு இறந்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் தொடர்ந்து மருந்து உட்கொண்டிருக்கவில்லை. நோய் இருப்பது தெரிந்தும், விலை குறைந்த மருந்துகள் இருந்தும், அவை அவர்களைச் சென்றடையவில்லை.

7. ‘செல்வர் நோய்’ என்னும் கருத்தின் மீள்பார்வை

இந்திய அனுபவம் தனித்ததன்று. தான்சானியாவில் 1992இல் தொடங்கிய வயதுவந்தோர் இறப்பு ஆய்வுத் திட்டம் தார் எஸ் சலாம், ஹாய், மொரொகோரோ ஆகிய மூன்று பகுதிகளில் இதே வாய்மொழி முறையைக் கையாண்டது. 15 முதல் 64 வயது வரையிலானோரிடையே பக்கவாத இறப்பு வீதம் இங்கிலாந்து, வேல்சைவிட அங்கு மிகுதி என 2000இல் வெளியான முடிவு காட்டியது. மருத்துவம் பெறாத உயர் இரத்த அழுத்தமே காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர்.

1992இல் உலக வங்கி வெளியிட்ட, வளரும் நாடுகளில் வயதுவந்தோர் நலம் பற்றிய நூலும் இதே திசையைச் சுட்டியது. தொற்றா நோயால் நடுவயதில் இறக்கும் இடர், பொதுவாக இறப்பு வீதம் மிகுந்த வறிய நாடுகளிலேயே கூடுதல் என அது வாதிட்டது. 17 நாடுகளில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. இதயநோய்க்கான இடர்க்காரணிகள் செல்வ நாடுகளிலேயே மிகுதி. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை நிகழ்வதும் அவற்றால் உயிரிழப்பதும் வறிய நாடுகளிலேயே மிகுதி. நோய்க்கு ஆளாவதில் அன்று, நோயிலிருந்து மீள்வதில்தான் வளத்தின் பங்கு வெளிப்படுகிறது.

ஈண்டு ஒரு வரையறை வேண்டும். முற்காலத்திலும் இன்றுள்ள அளவுக்கே மாரடைப்பு இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. புகையிலை வணிகம், உணவு மாற்றம், உடலுழைப்புக் குறைவு, நகர்மயம் ஆகியன நோயை மெய்யாகவே பெருக்கியுள்ளன. இந்தியாவில் 1990இல் மொத்த இறப்புகளில் சுமார் 38 விழுக்காடாக இருந்த தொற்றா நோய்களின் பங்கு 2016இல் சுமார் 62 விழுக்காடாக உயர்ந்ததாக மாநிலவாரி நோய்ச்சுமை மதிப்பீடு கூறுகிறது. இவ்வுயர்வில் ஒரு பகுதி குழந்தை இறப்பு குறைந்ததன் நற்பயன். ஒரு பகுதி மக்கள்தொகை முதிர்ந்ததன் விளைவு. ஒரு பகுதி நோயின் உண்மைப் பெருக்கம். இவற்றோடு, முன்பே நிகழ்ந்து பெயரின்றிக் கிடந்த இறப்புகள் இப்போது பெயர் பெற்றிருப்பதும் ஒரு கூறு. இந்நான்கையும் பிரித்தறியாமல் ‘புதிய நோய்கள் வந்துவிட்டன’ என்று மட்டும் கூறுவது வரலாற்றுப் பிழை. அது கொள்கைப் பிழைக்கும் வழிகோலும். புதிதாக வந்தது எனக் கருதினால் வாழ்க்கைமுறையைக் குறைகூறி நின்றுவிடலாம். நெடுங்காலமாகக் கவனிக்கப்படாமல் இருந்தது எனக் கொண்டால் மருத்துவம் எட்டாத நிலையை வினவ வேண்டிவரும்.

8. நிறைவுரை

எண்ணிக்கை மாறியபோது கொள்கையும் மெல்ல மாறலாயிற்று. 2011 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தொற்றா நோய்கள் குறித்து உயர்மட்டக் கூட்டம் நடத்தியது. 2015இன் நீடித்த வளர்ச்சி இலக்குகள், தொற்றா நோய்களால் நிகழும் உரிய காலத்துக்கு முந்தைய இறப்பை 2030க்குள் மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என வரையறுத்தன. 2000ஆம் ஆண்டின் இலக்குகளில் இல்லாத இடம் பதினைந்து ஆண்டுகளில் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை வீட்டிற்கே கொண்டுசெல்கிறது. நோய் அறியப்பட்டும் மருந்தின்றி இறந்தவர்களைப் பற்றிய கணக்கோடு சேர்த்து நோக்கும்போது இத்தகைய முயற்சியின் தேவை விளங்கும்.

எனினும் பதிவின் குறை தீர்ந்தபாடில்லை. நூற்றில் எழுபத்தெட்டுப் பதிவுகள் இன்னும் மருத்துவச் சான்று இன்றியே உள்ளன. மாதிரி ஆய்வு நாட்டின் நிலையைச் சொல்லும். ஒரு வட்டத்தின், ஓர் ஊரின் நிலையைச் சொல்லாது. இதற்கு உள்ளூர்ப் பதிவேடே செம்மைப்பட வேண்டும்.

தமிழாய்வுக்கும் இதில் இடமுண்டு. இறப்பு பற்றி வீட்டார் பேசும் மொழி, வட்டார நோய்ப்பெயர்கள், அவை சுட்டும் நோய்க்குறிகள் ஆகியவை இன்னும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டியவை. ‘இழுப்பு’ என்பது ஓர் இடத்தில் மூச்சுத்திணறலையும் மற்றோரிடத்தில் வலிப்பையும் குறிக்கலாம். இவ்வேறுபாட்டை அறியாத களப்பணியாளர் இறப்புக் காரணத்தைத் தவறாகக் குறிக்க நேரும். நாட்டார் வழக்காற்றியலும் அகராதியியலும் பொதுச் சுகாதாரத்தோடு சந்திக்கும் களம் இது. மாவட்ட ஆவணங்களில் எஞ்சியுள்ள பழைய இறப்புப் பதிவேடுகளை, ‘காய்ச்சல்’, ‘பிற’ என்னும் இரு சொற்களுக்குப் பின்னிருந்த மனிதர்களின் வயதையும் தொழிலையும் கருத்திற்கொண்டு மீண்டும் படிப்பதும் வருங்கால ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.